கவிழ்த்த தட்டு

வலது கைப் பெருவிரலில் அது இன்னும் இருந்தது. சிரிஞ்சின் தண்டு மெல்ல வழிவிட்டு இறங்கிய அந்த உணர்வு. கல்லூரிப் பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபா, மடியிலிருந்த பையின் மேல் பெருவிரலை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்தினாள். யாராவது பார்த்தால் இவளுக்குக் கழன்றுவிட்டது என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நர்சிங் இரண்டாம் வருஷத்தில் இத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஆசிரியை தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடாமல், தன்னந்தனியாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் போட்டவள் இன்றைக்கு யார்? இந்த ஹெப்சிபாதான். விஜிலா மேடம் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவை மட்டும் சரிபார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போய்ப் போட்டுட்டு வா என்றார். அவ்வளவுதான். போன வருஷம் முழுக்கச் சாத்துக்குடிப் பழத்துக்கு ஊசி போட்டுப் போட்டு, விடுதியில் சாத்துக்குடி என்றாலே குமட்டுகிற நிலைக்கு வந்தாயிற்று. சாத்துக்குடி கையை இழுத்துக்கொள்ளாது. சாத்துக்குடி உன் முகத்தைப் பார்த்து, புதுசா தாயி என்று கேட்காது. உலகம்மாள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லவும் முடியாமல் இல்லை என்று சொல்லவும் முடியாமல் ஹெப்சிபா முழித்த முழிப்பில் அந்த அம்மாளே சிரித்துவிட்டு, குத்து, குத்திப் பழகினாத்தான் கை வரும், என் கை என்ன சாக்குப்பைதானே என்று தோளைக் காட்டினாள். சதையைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை இறக்கி, தண்டை அழுத்தி, வெளியே எடுத்து, பஞ்சை வைத்தபோது உலகம்மாள் அந்தப் பக்கம் திரும்பி அடுத்த கட்டில்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். முடிஞ்சிட்டும்மா என்று சொன்ன பிறகுதான் திரும்பினாள். எப்ப போட்ட என்று கேட்டாள். எப்ப போட்ட! உலகத்தில் ஒரு நர்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும். ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறியது. பேருந்து நகர்வதாகத் தெரியவில்லை. விடுதி திருச்செந்தூர் சாலையில் ஊரைத் தாண்டி இருக்கிறது, மற்ற நாட்களில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் தூரம், இன்றைக்கு என்னவோ முன்னாலும் பின்னாலும் ஒரே வண்டி. பக்கத்தில் இசக்கி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்தில் காதே அடைத்தது. இசக்கியிடம் எப்ப போட்ட கதையை இரண்டுமுறை சொல்லியாகிவிட்டது, மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது, ஏட்டி, ஊசி போட்டியா இல்ல கோட்டையப் பிடிச்சியா என்று கேட்டுவிட்டாள். கேட்கட்டும். அவளுக்கு என்ன தெரியும். போன மாதம் நடந்த கூத்துக்குப் பிறகு ஹெப்சிபா பட்ட பாடு அவளுக்கா தெரியும். ஆண்கள் வார்டில் இதயம் பார்க்கிற மானிட்டரில் கோடு திடீரென்று நேராக ஓட, இவள் அடிவயிற்றிலிருந்து, சிஸ்டர் பேஷண்ட் போயிட்டாரு என்று அலறிவிட்டாள். டாக்டர் ஓடிவந்தார், அவசர மருந்து வண்டி ஓடிவந்தது, சாப்பிட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் எச்சில் கையோடு ஓடிவந்தார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, யாரும்மா போனது என்று கேட்டார். நெஞ்சில் அரிப்பெடுத்துச் சொறிந்ததில் வயர் கழன்றிருக்கிறது. அன்றிலிருந்து அவள் பெயர் அலாரம். விடுதியில் அலாரம், மெஸ்ஸில் அலாரம், வாட்ச்மேன் தாத்தாவுக்கும் அலாரம். விஜிலா மேடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அதைவிட மோசமாக எல்லாரையும் நிற்கவைத்துக்கொண்டு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பார்த்தியா, நினைச்சியா? மேடத்துக்கு வேறு கேள்வியே தெரியாது. நோயாளிக்கு வலி இல்லை என்று எழுதினால், பார்த்தியா நினைச்சியா. நன்றாகத் தூங்கினார் என்றால், பார்த்தியா நினைச்சியா. கண்ணால் பார்த்தது ஒன்று, பார்த்ததிலிருந்து நீயாக முடிச்சுப் போட்டுக்கொண்டது இன்னொன்று, ரெண்டையும் ஒரே டப்பாவில் போடாதே என்பார். அன்றைக்கு இவள் பார்த்தது நேர்க்கோடு, நினைத்தது சாவு. மனிதரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நினைத்தாலே இப்போதும் காது சூடாகிறது. ஆனால் அது போன மாதம். இந்த மாதம், இன்றைக்கு, வேலை முடிந்து கிளம்பும்போது எல்லாம் சொல்லி முடித்த இவளைப் பார்த்து மேடம் ம் என்றார். மேடத்தின் வாயிலிருந்து ஒரு ம் வருவதென்றால் சும்மாவா. முன் இருக்கையில் அவர் கொண்டை தெரிந்தது, கொண்டையில் மழைத்துளி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

எல்லாம் சரியாகத்தானே செய்தாள். ஒன்றொன்றாக மறுபடி ஓட்டிப் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது, மிட்டாயை நாக்கில் புரட்டுவது மாதிரி. காலையில்தான் சேர்ந்த அம்மாள், காலில் ஆறாத புண், சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வரும் முன்னால் ஊசியைத் தொடக்கூடாது, ஏனென்றால் ஊசி உள்ளே போய்விட்டால் அது சர்க்கரையை இறக்கத் தொடங்கிவிடும், இறக்கிய இடத்தை நிரப்பச் சோறு போகவேண்டும், போகாவிட்டால் இறங்கிக்கொண்டே போகும். பாடம் மனப்பாடம். வண்டி வந்தது, உருளுகிற சத்தம் கேட்டது, பெயரைக் கேட்டாள், அளவைப் பார்த்தாள், போட்டாள். அந்தக் கையில்கூட எத்தனை தழும்பு! முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிறிதும் பெரிதுமாகச் சூட்டுத் தழும்பு, ஹெப்சிபா பார்த்ததைப் பார்த்துவிட்டு உலகம்மாள், பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமைக்கேன், அண்டா விளிம்பு போட்ட முத்திரை என்றாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். பேச்சு பேச்சு, அப்படி ஒரு பேச்சு. மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் மாசமாக இருக்கிறாளாம், அஞ்சாவது மாசமாம், அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. பிறகு பணிமுடிகிற நேரத்தில் ஒரு சுற்று வந்தபோது, சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டாள். ஆச்சு ஆச்சு என்றாள். சாம்பார் எப்படி என்று சும்மா வாயைக் கிளறினாள். ஒரு சமையல்காரியிடம் கேட்கிற கேள்வியா அது, பிடித்துக்கொண்டாள். நிறமே இல்ல தாயி, பருப்பு ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம், பெருங்காய வாசம் மட்டும் வாசல்வரைக்கும் அடிக்கி, எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய இதப் பாத்தா தட்டோட ஓடிரும். ஹெப்சிபா சிரித்தாள். இப்போதும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று தெரியவில்லை. சட்டையில் மாட்டிய முள் மாதிரி, தேடினால் அகப்படாமல், விட்டால் உறுத்திக்கொண்டு.

விட்டுத்தள்ளு என்று சொல்லிக்கொண்டாள். நிறம், பருப்பு, வாசம். அம்மாவைக் கேட்டால் முதலில் என்ன சொல்வாள்? அம்மா எந்த வீட்டு விருந்துக்குப் போய்வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உப்பு கம்மி என்பாள், இல்லை உப்பு கூட என்பாள். பிறகுதான் மற்றதெல்லாம். பக்கத்து வீட்டு மேரி சித்தியும் அப்படித்தான், மெஸ்ஸில் சமைக்கிற அக்காவும் அப்படித்தான், கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, உப்பு. சமைக்கிற கை எதுவானாலும் வாய் முதலில் சொல்வது உப்பைத்தான். உலகம்மாள் உப்பைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை? நிறத்தைப் பார்க்கக் கண் போதும், வாசத்துக்கு மூக்கு போதும், உப்புக்கு மட்டும் நாக்கு வேண்டும். ஐயோ, இது என்ன நினைப்பு. ஒருவேளை உப்பு சரியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிச் சாம்பாரில் உப்பு சரியாக இருந்த நாள் எது? சரி, சொல்ல மறந்திருப்பாள். அவ்வளவு பேசுகிறவள் அதை மட்டும் மறப்பாளா? அலாரம், வேண்டாம், அலாரம், பேசாமல் உட்கார். சாப்பிட்டதற்குத்தான் அத்தாட்சி இருக்கிறதே, தட்டு. சீனியர் அக்காமார் சொல்லிக்கொடுத்த முதல் வித்தையே அதுதான். ஒவ்வொரு கட்டிலாகப் போய் சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், வாசலில் நின்று ஒரு பார்வை பார், சாப்பிட்டு முடித்தவர்கள் தட்டைக் கழுவிப் பக்கத்துச் சின்ன அலமாரியின் மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள், கவிழ்த்த தட்டு என்றால் நிறைந்த வயிறு, எழுதிக்கொண்டு போய்க்கொண்டே இரு. ஊரில் எந்த ஆஸ்பத்திரியிலும் இதுதான் வழக்கம், இசக்கியும் இப்படித்தான் செய்கிறாள். உலகம்மாளின் தட்டு கவிழ்ந்திருந்தது. இவள் கண்ணால் பார்த்தாள். கையாலும் தொட்டாள், காலுக்கான மாத்திரையை வைக்க இடம் வேண்டும் என்று தட்டை நகர்த்தினாளே.

நகர்த்திய கை. ஹெப்சிபா தன் கையை விரித்துப் பார்த்தாள். வரிசையாக எல்லா அலமாரியிலும் மாத்திரை வைத்துக்கொண்டே வந்தாள், எல்லாத் தட்டையும் நகர்த்தினாள், மழைநாள் என்பதால் ஒன்றும் காயாமல் தட்டுக்குத் தட்டு தண்ணீர் வடிந்து அலமாரி மேல் வட்டமாக நின்றது, மாத்திரை நனைந்துவிடக்கூடாதே என்று துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள், கடைசியில் துணி பிழிகிற ஈரம். உலகம்மாளின் அலமாரியைத் துடைத்தாளா? துடைக்கவில்லை. துடைக்கத் தேவையே இல்லாமல் இருந்தது. தட்டு காய்ந்து கிடந்தது. கடையில் வாங்கிவந்த தட்டு மாதிரி மொறமொறவென்று காய்ந்து. அப்போது மனதில் என்ன பட்டது? நல்லதாய்ப் போயிற்று, ஒரு துடைப்பு மிச்சம் என்று பட்டது. அடப்பாவி. மாரியம்மன் கொடைக்கு மேளம் அடிக்கிற மாதிரி நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, அதே சமயம், இதை யாரிடமும் சொல்ல முடியாது, அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு குஷியும் எழுந்தது. கணக்குப் பரீட்சையில் விடை நெருங்கி வரும்போது வருமே, அது. ச்சீ, ஒரு மனுஷி அங்கே கிடக்கிறாள், உனக்கு இங்கே என்ன குஷி. ஆனால் எழுந்தது, எழுந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது. நில், நில், நிதானமாக. வண்டி வந்தது என்றாயே, வண்டி எங்கே வரைக்கும் வந்தது? சத்தம் கேட்டது. அடுத்த கட்டிலில் வாளியைத் திறந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், வாசம் வந்தது. உலகம்மாளின் மடியில் தட்டு நிமிர்ந்திருந்தது, காலியாக. இதோ அடுத்தது இங்கேதான் என்று ஊசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாயிற்று. தட்டில் சோறு விழுந்ததை யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. ஆனால் பசிக்கிற நேரத்தில் வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று எந்த மனுஷி தட்டைக் கவிழ்ப்பாள்? ஏன் கவிழ்ப்பாள்? அங்கேதான் நின்றது. முழுவதும் வந்து, ஒரு ஏன் மட்டும் அகப்படாமல் நின்றது. அந்த ஏன் இல்லாமல் மேடத்திடம் போனால், உப்பு சொல்லவில்லை மேடம், தட்டு காய்ந்திருந்தது மேடம் என்று நடு ரோட்டில் ஆரம்பித்தால், பேருந்து முழுக்கச் சிரிக்கும். மறுபடி அலாரம்.

அம்மா ஒருமுறை தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட்டாச்சு என்றாள். ஹெப்சிபாவுக்கு நர்சிங் சீட்டு கிடைக்குமா கிடைக்காதா என்று இருந்த நாட்கள். அம்மாவின் கை மீன்குழம்பு மணக்கவில்லை, அதனால்தான் கண்டுபிடித்தாள். கேட்டதற்கு, சும்மா கெட, உபவாசம்னா ஊருக்குச் சொல்லிக்கிட்டா இருப்பாவ என்று கடிந்தாள். முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, யாருக்கும் தெரியாமல் மூன்று நாள். பிள்ளைக்காக வயிற்றைக் காயப்போடுகிற அம்மாக்கள் அதை ஏன் திருட்டுப்பண்டம் மாதிரி ஒளித்துவைக்கிறார்களோ. பேருந்து ஒரு குலுக்கலோடு கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. பக்கத்தில் அரசுப் பேருந்து ஒன்று மூச்சுமுட்ட நின்றுகொண்டிருந்தது, பச்சையும் மஞ்சளுமாக உடுத்திய கூட்டம், படியில் தொங்குகிறவர்கள் அரோகரா போட்டார்கள், எல்லாரும் திருச்செந்தூருக்கு. ஆமாம், இன்றைக்குச் சூரசம்ஹாரம், அதனால்தான் இந்த நெரிசல் என்று இப்போதுதான் உறைத்தது. எதிர் ஜன்னல் கம்பியை ஒரு பெண் பிடித்துக்கொண்டிருந்தாள், கைக்கெட்டும் தூரத்தில். அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அவளுக்குப் பின்னால் நின்றவள் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. ஹெப்சிபா அந்தக் கயிற்றையே பார்த்தாள். உலகம்மாள் கையில் சூட்டுத் தழும்பு முழங்கையில் தொடங்கி மணிக்கட்டில் முடிந்தது, மணிக்கட்டில் முடிந்த இடத்தில், தழும்பைப் பார்த்த கண் பார்த்தும் பாராமல் விட்ட இடத்தில், மஞ்சள் கயிறு. புதுசு. மஞ்சள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் புதுசு. அந்தக் கையைப் பிடித்த விரலில் ஒட்டிய மஞ்சளை இவள் மாத்திரை வைக்கும் முன் தண்ணீரில் கழுவினாள்.

இசக்கியின் முறுக்குக் கையைப் பிடித்து இழுத்து, அது என்ன கயிறு என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகிறவளிடம் இதையெல்லாம் விளக்கவேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடு இசக்கி சொன்னாள்.

"சஷ்டிக் காப்புட்டி. விரதம் இருக்கிறவங்க கட்டுறது. இன்னைக்குக் கடைசி நாள்லா, சாயங்காலம் சூரனைச் சங்காரம் பண்ணி முடிக்கிறவரைக்கும் சிலபேரு பச்சத் தண்ணி தொடமாட்டாங்க."

பிள்ளைக்காகவா என்று கேட்டாள். பெரும்பாலும் பிள்ளை வரத்துக்குத்தான், வரம் கிடைச்சவங்க நல்லபடியா பெறணும்னும் இருப்பாங்க என்று சொல்லிவிட்டு இசக்கி மிச்ச முறுக்கை வாயில் போட்டாள். அவ்வளவுதான், ஏன் வந்துவிட்டது. எல்லாம் தடதடவென்று தாமாகவே வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. எட்டு வருஷம் கழித்து மாசமாக இருக்கிற மகள், மஞ்சள் கயிறு, உப்பில்லாத பேச்சு, ஈரமில்லாத தட்டு. விரதம் என்று சொன்னால் டாக்டர் திட்டுவார், சிஸ்டர் திட்டுவார், ஆச்சு ஆச்சு என்றால் விட்டுவிடுவார்கள். காலையிலும் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள். வெறும் வயிற்றில் நான் போட்ட ஊசி. நான். அது இந்நேரம் நன்றாகப் பிடித்திருக்கும், இனிமேல்தான் உச்சத்துக்குப் போகும். முதலில் படபடப்பு வரும், வியர்க்கும், கை நடுங்கும், பிறகு பேச்சு குழறும், பிறகு தூக்கம் மாதிரி ஒன்று வரும், பார்க்கிறவர்கள் அசதியில் உறங்குகிறாள் என்று போர்வையை இழுத்துவிட்டுப் போவார்கள். வார்டில் இப்போது பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் கண்ணயர்கிற பொழுது. நன்றாகத் தூங்கினார் என்று யாராவது எழுதுவார்கள். எழுந்து நின்றுவிட்டாள். எழுந்ததும் உட்காரலாமா என்று தோன்றியது. இதுவும் வயர் கழன்ற கதையாக இருந்தால்? உலகம்மாள் சுடுசோறும் சாம்பாருமாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு, யாரும்மா போனது என்று கேட்டால்? கேட்கட்டும். கேட்டால் அதைவிட நல்ல செய்தி உண்டா. இவளுக்குச் சட்டென்று அது விளங்கிய வேகத்தில் கால் முன்னால் போய்விட்டது, இசக்கியின் மடியை மிதித்து, பைகளைத் தாண்டி, கம்பியைப் பிடித்து. யாரோ அலாரம் அடிச்சிட்டுடோய் என்றார்கள். காதில் விழுந்தது, உறைக்கவில்லை.

விஜிலா மேடம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கூப்பிட்டதும் விழித்தார். ஹெப்சிபா சாம்பாரில் தொடங்கிக் கயிற்றுக்குத் தாவி மகளிடம் போய் மறுபடி தட்டுக்கு வந்தாள், மூச்சு வாங்கியது, பாதி தனக்கே புரியவில்லை. மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார். எரிச்சலில் கேட்கிற அதே கேள்வியை இப்போது எரிச்சல் இல்லாமல் கேட்டார்.

"சாப்பிட்டாங்கன்னு எழுதியிருந்தே. பார்த்தியா, நினைச்சியா?"

"நினைச்சேன் மேடம். தட்டு கவிழ்ந்திருந்ததைத்தான் பார்த்தேன். சாப்பிட்டதைப் பார்க்கல."

 மேடத்தின் கை அதற்குள் போனைத் தேடிக்கொண்டிருந்தது. வார்டில் இப்போது இருப்பது பகவதி சிஸ்டர், அவருடைய சொந்த எண்ணுக்கே அடித்தார், ஒலிபெருக்கியில் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஹெப்சிபா பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கினாள், சற்றுமுன்வரை கொஞ்சிக்கொண்டிருந்த அதே பெருவிரலை. டிரைவர் அண்ணாச்சி தானாகவே பாட்டை அணைத்தார். பகவதி சிஸ்டரின் குரல் வந்தது, மேடம் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னார், அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வேகமாகப் போவது கேட்டது. வார்டின் சத்தமெல்லாம் போன்வழியாக நகர்ந்து வந்தது, எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, இருமல், தகரத்தில் விழும் மழை. இந்நேரம் மூன்றாவது கட்டில், இந்நேரம் தூண், இந்நேரம் ஜன்னல். செருப்புச் சத்தம் நின்றது. உலகம்மா, உலகம்மா என்று சிஸ்டர் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி, இந்த முறை உரக்க. பக்கத்துக் கட்டில்காரி, இப்பத்தான் தூங்குதா, எழுப்பாதீங்க என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. ஹெப்சிபா இருக்கைக் கம்பியைக் கட்டிக்கொண்டாள். சிஸ்டர் சொன்னார், முதுகெல்லாம் சேலை நனையிற அளவுக்கு வேர்த்திருக்கு, கண்ணைத் திறக்கா, பேச்சு சரியா வரல, இருங்க சர்க்கரை பார்க்கேன்.   பிறகு சிஸ்டரின் குரல், ஐம்பதுகூட இல்ல மேடம்.

அப்புறம் நடந்ததையெல்லாம் அவள் காதால்தான் பார்த்தாள். யாரோ டாக்டரைக் கூப்பிட ஓடினார்கள். முழுங்குறாங்களா என்று மேடம் கேட்டார், முழுங்கச் சொன்னா முழுங்குறா என்று சிஸ்டர் சொன்னார். எவர்சில்வர் டம்ளர் எதன்மேலோ தட்டியது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம், கரண்டி டம்ளருக்குள் சுழலுகிற சத்தம், கலகலவென்று, அவசரமாக, சீனி கரையக் கரையக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி. இதைவிட நல்ல மேளம் ஹெப்சிபா கேட்டதே இல்லை. குடி உலகம்மா என்றார் சிஸ்டர். டம்ளர் தட்டிவிடப்படுகிற ஓசை. குழறலாக, நாக்கு தடித்த ஒரு குரல், வேண்டாம், இன்னும் முடியல, சங்காரம் முடியல. பற்களைக் கடித்துக்கொண்டாளாம். எட்டு வருஷத்து வேண்டுதலை ஒரு டம்ளர் சீனித் தண்ணியிலா தொலைப்பாள், அரை மயக்கத்திலும் தொலைக்கமாட்டாள். ஹெப்சிபா மேடத்தைப் பார்த்தாள், மேடம் போனை இவள் பக்கம் நீட்டினார். என்ன சொல்வது? பொய் சொல்லக்கூடாது, முடிந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. 

"அம்மா, நான்தான், புதுசு. இது சாப்பாடு இல்லம்மா, மருந்து. உங்களுக்கு நான் போட்ட ஊசிக்கு மாத்து மருந்து. உங்க மகளுக்கு நீங்க வேணும்மா, குடிச்சிருங்க."

 மருந்துக்கு விரதம் கெடாது, நம்ம முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு என்று பின்னாலிருந்து இசக்கி போனைப் பார்த்துக் கத்தினாள். எப்போது வந்து நின்றாளோ. அந்தப் பக்கம் ஒரு மிடறு. இன்னொரு மிடறு. சிஸ்டர், மெதுவா, மெதுவா என்றார். மூன்றாவது மிடறு முழுசாக இறங்குவது கேட்டது. டாக்டர் வந்துவிட்டார் போலிருக்கிறது, யாரோ கையில் நரம்பைத் தேடினார்கள், குளுக்கோஸ் பாட்டில் என்றார்கள். ஒருவர் பேச்சும் ஒருவர் பேச்சும் கலந்து ஒன்றும் புரியாமல் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு அந்தக் கூச்சலுக்கு நடுவில் உலகம்மாளின் குரல் வந்தது, இன்னும் தள்ளாட்டம்தான், ஆனால் அவளுடைய குரல், முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளின் குரல்.

"என்ன மருந்து தாயி இது. சீனிய இம்புட்டு அள்ளிப் போட்டிருக்கு."

பேருந்து மொத்தமும் சிரித்தது. ஹெப்சிபாவும் சிரித்தாள், சிரிப்பில் கண்ணும் மூக்கும் ஒழுகின, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. போட்டவளும் நான், பிடித்தவளும் நான், பாதி வெட்கம், பாதி கொண்டாட்டம், இரண்டையும் பிரிக்க முடியவில்லை. மேடம் போனை அணைத்துவிட்டு, நாளைக்கு இதை வகுப்பில் எல்லாருக்கும் நீதான் சொல்லவேண்டும், செய்த தப்பிலிருந்து ஆரம்பித்துச் சொல் என்றார். சரி என்று தலையை ஆட்டினாள். அந்தத் தப்பில் நானும் வருகிறேன், தட்டில் சோறு விழும் முன் ஊசிக்கு ஒப்புக்கொண்டது நான்தான் என்று மேடம் மெதுவாகச் சேர்த்துச் சொன்னார், சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார். முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கின, அண்ணாச்சி கியரைப் போட்டார், அரோகரா சத்தம் ஜன்னலைக் கடந்து போனது. இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் மனம் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கவில்லை, அதற்குள் நாளைக்கு வார்டுக்குள் நுழைந்துவிட்டது. விரதம் முடிந்திருக்கும். சோறு தட்டில் விழும்வரை பக்கத்திலேயே நிற்கவேண்டும். முதல் வாய் உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். சாப்பிட்டீங்களா என்று கேட்கவே கூடாது. உப்பு எப்படி இருக்கு என்று கேட்கவேண்டும்.